பட்டியலில் இல்லாத போன்

ஃபேஸ்புக், ட்ரூகாலர் உள்ளிட்ட 89 செயலிகளை 2020 ஜூலை 15-க்குள் நீக்கச் சொன்ன ராணுவ உத்தரவை எதிர்த்து ஒரு லெப்டினன்ட் கர்னல் போட்ட மனுவை, டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பில் வியப்பில்லை. விசாகப்பட்டினம் உளவு வழக்கில் கடற்படையினர் சிலர் கைதான பிறகு, 2019 டிசம்பரில் கடற்படையும் இதே வழிக்குத்தான் போனது. படையினருக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித்தரும் நாம் இந்தத் தடையை ஆதரிக்கிறோம்.

நமது வருத்தம் வேறு. குரங்கணியில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் லடாக்கில். அவன் போனிலிருந்து ட்ரூகாலர் போயாயிற்று. அம்மா போனில் இருக்கிறது. கேட்ட அனுமதிக்கெல்லாம் 'சரி' அழுத்தித் தந்தது கடைக்காரப் பையன். மகன் எண் 'தம்பி மிலிட்டரி' என்று பதிந்திருக்கிறது. தொடர்புப் பட்டியல் சர்வருக்கு ஏறினால், அந்த எண்ணைத் தேடும் எவருக்கும் அவன் தொழில் தெரிந்துவிடும். பெண்ணாகப் பழகி ரகசியம் கறக்க ஹனி டிராப் வலை விரிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்குத் தங்கையின் ஃபேஸ்புக்கில் யூனிட் பேட்ஜ் தெரியும் படம். கீழே, 'லீவு முடிஞ்சு அண்ணன் கிளம்பிட்டான்'. படத்தில் பதிந்திருக்கும் இட, நேர விவரத்தை (மெட்டாடேட்டா) நீக்கி என்ன பயன், படக்குறிப்பே அவன் கிளம்பியதைச் சொல்லும்போது?

இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. நம் கைக்கு வரும் பயிற்சி ஏடுகளோ இன்னும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆள்சேர்ப்பு முகாம் என்றால் தமிழ் நாளிதழில் அறிவிப்புப் போடத் தெரிகிறது. சேர்ந்தவனின் வீட்டுக்கு ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை அனுப்ப மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சிப்பாய் தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. அவன் வீட்டுக்குச் சொல்லித்தராதவர்களை யார் கேட்பது? மனுதாரர்கூட வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசத்தான் ஃபேஸ்புக் கேட்டார். வழக்கில் குடும்பம் தலைகாட்டியது அந்த அளவில்தான். சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்குக் குடும்பம் அந்த அளவுக்குக்கூட நினைவுக்கு வரவில்லை.

உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு லீவில் வரும் வீரரின் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அம்மா, மனைவி, தங்கை மூவரின் போனிலும் தொடர்பு அனுமதியை நிறுத்துங்கள். 'மிலிட்டரி'யை எடுத்துவிட்டு வெறும் பெயரில் பதியுங்கள். வீரரின் எண்ணை ட்ரூகாலர் தளத்திலிருந்து அவரையே நீக்கச் சொல்லுங்கள். தமிழில் பாடக்குறிப்பு தயாரித்திருப்பவர்கள் எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம்.