குளிர் விட்டது, கூட்டம் வந்தது

தில்லியில் குளிர்காலம் முடிந்ததைப் பல்லி சொல்லிவிடும். நவம்பர் இறுதியில் எங்கோ இடுக்கில் மறைந்துபோனது, மார்ச் மாதத்தில் ஒரு மாலை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மெலிந்த உடம்போடு வந்து ஒட்டிக்கொள்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாற்றலாகி வந்த குடும்பங்களுக்கு இது விநோதமாகப் படும். அங்கே பல்லிக்கு விடுமுறையே கிடையாது. வருடம் முழுக்கச் சுவரில் இருக்கும், சகுனமும் சொல்லும். வடக்கே அதற்கு மூன்று மாத ஓய்வு. அது திரும்பி வந்துவிட்டால் அதன் சாப்பாடும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பூச்சிகளுக்குச் சொந்தமாக உடல் சூடு இல்லை. ஜனவரி இரவுகளில் தில்லியின் வெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்கும்போது அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மார்ச்சில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடும்போது குளிர்காலத்துப் பாக்கியையெல்லாம் சேர்த்து வசூல் செய்யக் கிளம்பிவிடுகின்றன. ரஜாயை மடித்துப் பெட்டியில் வைக்கும் அதே வாரத்தில் சமையலறை மேடையில் எறும்புச் சாரி, குளியலறை ஜன்னலில் கொசு, மிக்ஸிக்கு அடியில் கரப்பான். இல்லத்தரசி பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். ஆபத்து பெரும்பாலும் அந்தப் பையில்தான் வீட்டுக்குள் வருகிறது.

கொசுவை எடுத்துக்கொண்டால், இந்தப் பருவத்தில் மொய்ப்பது பெரும்பாலும் சாக்கடை நீரில் வளரும் கியூலெக்ஸ். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் மழைக்குப் பிறகுதான் பலம் பெறும். வசந்தகாலக் கொசு தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். அதற்காக மூடிய அறையில் இரவு முழுக்கச் சுருள் கொளுத்தி வைப்பது அதிகப்படியான தண்டனை. அதுவும் கொசுவுக்கு அல்ல. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை இன்னும் பழசாகிவிடவில்லை.

கரப்பானில் இரண்டு ஜாதி முக்கியம். சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய சிவப்பன் ஒன்று. பிரிஜ் மோட்டாரின் கதகதப்பில் குளிர்காலத்தையும் ஓட்டிவிடும் சின்னப் பழுப்பன் இன்னொன்று. அடுக்குமாடி வீடுகளைப் படுத்துவது இரண்டாவதுதான். அதன் ஒரு முட்டைக் கூட்டில் 30, 40 குஞ்சுகள். பொரியும் வரை தாய் அந்தக் கூட்டை வயிற்றோடு சுமந்து திரிகிறது. ஸ்பிரே அடித்தால் முன்வரிசையில் இருப்பவை செத்து விழும். மற்றவை குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், பத்து நாள் கழித்துத் திரும்பி வரும். ஜெல் மருந்தைக் கடுகளவு இடுக்குகளில் வைப்பது மெதுவான வேலை, ஆனால் உருப்படியான வேலை. அதைத் தின்ற கரப்பானின் எச்சத்தையும் பிணத்தையும் தின்றே மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, இரண்டுமே வீண்.

எறும்புக்கு முன்பெல்லாம் காமாக்சின் பவுடர்தான். அந்த நெடி அடிக்காத மளிகைக் கடை கிடையாது. பி.எச்.சி. எனப்பட்ட அந்த மருந்து 1997 ஏப்ரலில் தடை செய்யப்பட்டது. அதன் தம்பியான லிண்டேன் 2013 வரை தாக்குப்பிடித்தது. இப்போது இடத்தைப் பிடித்திருப்பது எறும்பு சாக்பீஸ். பள்ளிக்கூட சாக்பீஸ் போலவே இருப்பதுதான் அதன் குறை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையோரம் கோடு போடுவது அறிவுடைமை ஆகாது.

கம்பளிக்கு வருவோம். ஸ்வெட்டரை ஓட்டை போடுவது அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம்தான் அவற்றுக்கு ருசி. எனவே துவைத்து, நல்ல வெயிலில் ஒரு நாள் காய வைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பலரும் செய்வது வேறு. அழுக்கோடு மடித்து, அலமாரியில் கை நிறைய அந்துருண்டையை வீசிவிடுவார்கள். அந்துருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கினால்தான் புழுவைக் கொல்லும். திறந்து திறந்து மூடும் அலமாரியில் அந்த ஆவியை மனிதர்கள்தான் சுவாசிக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தையை, அந்துருண்டையோடு கிடந்த கம்பளியில் அப்படியே சுற்றினால் ரத்த சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அடுத்த குளிருக்கு எடுக்கும்போதும் துவைத்து வெயில் காட்டாமல் குழந்தைக்குப் போர்த்தக்கூடாது.

இவையெல்லாம் சில்லறை. உயிரைக் கேட்கும் விஷயம் ஏப்ரலில் வருகிறது, கோதுமை மூட்டையோடு.

பைசாகி சமயத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் புதுக் கோதுமை மண்டிக்கு வரும். ஆட்டா பாக்கெட் வந்தபின் நகரங்களில் பழக்கம் குறைந்துவிட்டாலும், வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கித் தகர டிரம்மில் நிரப்பி, அவ்வப்போது சக்கியில் அரைத்துக்கொள்ளும் குடும்பங்கள் வடக்கே இன்னும் ஏராளம். ஏப்ரலில் பார்க்கும்போது கோதுமை பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் பசை போட்டு மூடிவிடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வெளியே வரும். மழை தொடங்கியதும் டிரம்மே நெளியும். கப்ரா வண்டின் புழு இன்னும் கெட்டிக்காரப் பேர்வழி. காலி டிரம்மின் மடிப்பில் சோறு தண்ணீர் இல்லாமல் வருடக் கணக்கில் காத்திருக்கும்.

இந்தப் பயத்துக்கு மருந்தாக விற்பதுதான் சல்ஃபாஸ் என்று வடக்கே அழைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. உணவுக் கழகக் கிடங்குகளில் மூட்டை அடுக்குகளைப் பெரிய விரிப்பால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை அடுக்கி, பயிற்சி பெற்றவர்கள் கையாளும் பொருள் அது. வீட்டில்? டிரம் மூடியின் இடுக்கு, கதவிடுக்கு, சுவர் விரிசல் என எல்லா வழியிலும் வாயு கசியும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வெளிவரும். பத்துக்குப் பத்து அறையில் அது முழுவதும் பரவினால், காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 25 பங்கு. அமெரிக்கத் தொழிற்கூடங்களில் 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் அளவு 0.3 பங்கு. ஏறக்குறைய எண்பது மடங்கு, அதுவும் ஒரே மாத்திரையில். பலர் டிரம்முக்கு நாலைந்து போடுகிறார்கள். சிலர் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியிலேயே வைக்கிறார்கள்.

இந்த மாத்திரையை அரசு அமைப்புகளும் அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும்தான், அதுவும் நிபுணர் மேற்பார்வையில், பயன்படுத்தலாம் என்பது விதி. 10, 20 மாத்திரைகள் கொண்ட குழல் டப்பாக்கள் 2001இலேயே முற்றாகத் தடை செய்யப்பட்டன. மண்டி ஓரக் கடைக்காரருக்கு இந்த விதி தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்டவருக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். சண்டிகர், ரோத்தக் மருத்துவர்கள் 1980களிலிருந்து இந்த விஷத்தைப் பற்றி எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

மாத்திரை இல்லாமலும் கோதுமை கெடாது. குஜராத்தில் வருடக் கோதுமைக்கு விளக்கெண்ணெய் தடவி வைப்பது பரம்பரை வழக்கம். நம்மூர்ப் பாட்டிகள் துவரைக்குச் செய்த அதே வேலைதான். டிரம்மைக் கழுவிக் காயவைத்து, கோதுமையைக் கடித்தால் 'கடக்'கென்று உடையும் வரை வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியபின் நிரப்பி இறுக மூடினால் வண்டுக்கு வளர ஈரம் இருக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு பொறியையே உருவாக்கியிருக்கிறது. துளைகள் போட்ட ஒரு குழாய், அடியில் ஒரு புனல். தானியத்துக்குள் செருகிவைத்தால் காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கீழே விழுந்துவிடும். வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்டினால் போதும். சிறிய குடும்பத்துக்கு இதுகூட வேண்டாம். மாதம் பத்து கிலோ வாங்கினால் வண்டுக்கு அவகாசமே கிடைக்காது.

தான் மாத்திரை வாங்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியிருக்கலாம் என்பதுதான் அடுக்குமாடி வாழ்க்கையின் சிக்கல். வெயிலில் சூடேறிய டிரம்மில் மாத்திரை சில மணி நேரத்திலேயே வாயுவைக் கக்கத் தொடங்கி, நாள் கணக்கில் தொடரும். காரணமில்லாமல் பூண்டு வாசனையோ அழுகிய மீன் நாற்றமோ வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிடமே வெளியேறிவிட வேண்டும். வாசனை இல்லாவிட்டாலும் வாயு இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வாந்தி, நெஞ்சில் இறுக்கம் என்றால் முதல் நாள் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அதில்தான் நேரம் போய்விடுகிறது. மருத்துவமனையில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, வீட்டிலோ பக்கத்திலோ கோதுமைக்கு மாத்திரை வைத்திருக்கிறார்கள் என்பது.