50 பேர் வாசித்த பாட்டை 5 பேர் ஊதுவது எப்படி? பேண்டு செட்டுக்கு நாம் தராத பெயர்

கல்யாண சீசனில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு சாயங்காலம் தெருவில் நின்றால் போதும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு செட் போகும். கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன், பின்னால் டிரம்ஸ். 'ராக்கம்மா கையத் தட்டு' ஆரம்பித்ததும் தெருவே ஆடும். நாமும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். ஆனா ஒரு கேள்வியை மட்டும் கேட்க மாட்டோம். ஒரு வயலின் கூட்டமே சேர்ந்து வாசித்த இசையை, ஒரு வயலின்கூட இல்லாத இவங்க எப்படி வாசிக்கிறாங்க?

பதில், அரேஞ்ச்மென்ட். அது காப்பி அடிக்கிற வேலை இல்லை, தனித் திறமை. அந்தத் திறமைக்கு நாம் பெயரும் தருவதில்லை, காசும் தருவதில்லை என்பதுதான் என் வாதம்.

அரேஞ்ச்மென்ட்னா என்ன?

'தளபதி' (1991) படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'ராக்கம்மா' சும்மா ஹிட் பாட்டு இல்லை. 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், உலகின் டாப் 10 பாடல்களில் 4-வது இடம் பிடித்தது. ஆட வைக்கும் தாளம், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, நடுவில் அப்பர் தேவாரம் என எல்லாமே அதில் உண்டு.

இதை ஐந்தாறு ஊதுகருவிகளுக்கு மாற்றணும்னா முதல் சிக்கலே மூச்சு. வயலின் வில் நிற்காமல் ஓடும். ஊதுபவர் மூச்சு வாங்கியே ஆகணும். அதனால் வேகமான வரியை இரண்டு கிளாரினெட்டுக்குப் பிரித்துத் தரணும். ஒருவர் முடிக்கிற ஸ்வரத்திலேயே அடுத்தவர் தொடங்கினால் கேட்பவருக்கு வெட்டு தெரியாது.

அடுத்தது நிறம். தேவாரப் பகுதியை டிரம்பெட்டுக்குக் கொடுத்தால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயிக்குக் கொடுத்தால் யாரோ பாடுவது போல இருக்கும். எந்த வரி முக்கியம், எதை விடலாம், எதை யாருக்குத் தரலாம்? இந்த மூன்று முடிவுகள்தான் அரேஞ்ச்மென்ட்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் ஒரு தோலை அப்படியே வெட்ட மாட்டார்கள். எங்கே தழும்பு இருக்கு, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தத் துண்டு ஷூவின் முன்பக்கம் வரணும் என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். அரேஞ்ச்மென்டும் அதே கணக்குதான்.

மோட்சார்ட்டும் செய்த வேலை

மேற்கத்திய இசையில் 'விண்ட் குவின்டெட்' என்றே ஒரு குழு உண்டு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன் என ஐந்து பேர். இதில் ஓபோவும் பசூனும் நம்ம நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். நாதஸ்வரத்தின் சீவாளி போல அவற்றிலும் இரட்டை நாக்குதான்.

டிரம்ஸ் இல்லாத இந்த ஐவர், ஆர்க்கெஸ்ட்ரா நடன இசையை எப்படி வாசிப்பார்கள்? பசூன் தாளத்தின் அடியைப் போடும், ஹார்ன் இடைத்தட்டை நிரப்பும், மற்ற மூவரும் மெட்டை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். ஆர்க்கெஸ்ட்ரா மேடைகளில் புகழ்பெற்ற துவோர்ஷாக்கின் 'ஸ்லாவோனிக் நடனங்கள்' (முதல் தொகுப்பு 1878) இப்படித்தான் ஐந்து பேர் கைக்கு வந்தன. இத்தனைக்கும் அவை முதலில் ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை.

1782 ஜூலையில் மோட்சார்ட்டின் புது ஆபெரா வியன்னாவில் அரங்கேறியது. நான்கே நாளில் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு அவசரம் தெரிகிறது. ஆபெராவை ஊதுகருவிகளுக்கு மாற்றி உடனே முடிக்கணும், இல்லாவிட்டால் வேறு யாராவது முந்திக்கொண்டு லாபத்தை எடுத்துப் போய்விடுவார்கள் என்கிறார். அதன் வீரியம் குறையாமல் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்றும் புலம்புகிறார். அரேஞ்ச்மென்டில் காசும் உண்டு, கஷ்டமும் உண்டு என்பது 240 வருஷம் முன்பே தெரிந்த விஷயம்.

நமக்கும் இது புதுசு இல்லை. கம்பெனி பேண்டுகள் வாசித்த மெட்டுகளை எடுத்து சமஸ்கிருதச் சாகித்யம் போட்டவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). 'நோட்டு ஸ்வர' உருப்படிகள் என்று சுமார் 40 கிடைக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' பாட்டின் மெட்டு, பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுதான். அதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை. அப்போ பேண்டு மாஸ்டருக்கு மட்டும் ஏன் வேற அளவுகோல்?

சட்டம் என்ன சொல்லுது?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு இசைப் படைப்பை அரேஞ்ச் செய்வது 'தழுவல்' கணக்கில் வரும். அந்த உரிமை மூலப் படைப்பின் உரிமையாளருக்கே. ஆனால் அதே சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு ஒன்று இருக்கு. கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு வாசிப்பது உரிமை மீறல் ஆகாது.

ஊர்வலத்தில் சிக்கல் இல்லை. அதே வாசிப்பை ரெக்கார்டு செய்து யூடியூபில் போட்டாலோ, டிக்கெட் வைத்து மேடையில் வாசித்தாலோ கதை வேறு. 2017-ல் மேடையில் பாடியதற்காக எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது பலருக்கும் நினைவிருக்கும். தெருவைத் தாண்டி வளர நினைக்கும் பேண்டு செட்டுக்கு இது நிஜமான தடை. இசையமைப்பாளரின் உரிமையை நான் மறுக்கவில்லை. அனுமதி வாங்கும் வழி ஒரு சின்னக் குழுவுக்கும் எட்டுகிற மாதிரி இருக்கணும் என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

"கேள்வி ஞானத்துல ஊதுறாங்க, இதுல என்ன அரேஞ்ச்மென்ட்?" என்று சிலர் கேட்கலாம். பேப்பரில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் எடுக்கிற முடிவுகள் ஒன்றுதான். எழுதாததில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கு. மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தினால் அந்த வடிவமும் அவரோடு போய்விடும். டிஜே பாக்ஸுக்குப் பாட்டு ஒரு ஃபைல், பென்டிரைவில் இருக்கும். பேண்டுக்குப் பாட்டு நாலு பேர் ஞாபகத்தில் மட்டும்தான்.

அதனால் மூன்று விஷயம். ஒன்று, பேண்டு செட்டில் இருக்கிற இளைஞர்கள் தங்கள் வடிவங்களைக் குறித்து வைக்கணும். நொட்டேஷன் எழுத மொபைலிலேயே இலவச ஆப்கள் இருக்கு. இரண்டு, நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தரும் அரசு இசைப்பள்ளிகள் பேண்டு கலைஞர்களுக்கு அரேஞ்ச்மென்டில் ஒரு குறுகிய காலப் பயிற்சி தரலாம். மூன்றாவது, நம் கையில் இருப்பது. அடுத்த முறை ரீல்ஸ் போடும்போது பாட்டின் பெயரோடு பேண்டின் பெயரையும், மாஸ்டரைக் கேட்டுவிட்டு அவர் பெயரையும் சேருங்கள். போட்டோகிராபருக்கும் மேக்கப் கலைஞருக்கும் டேக் போடுகிறோமே, தெருவை ஆட வைத்தவருக்கு ஒன்று போட்டால் என்ன?