அந்நியக் கிருமி என்னும் பேச்சு

எய்ட்ஸ் இறைவன் இட்ட சாபம் என்றும், எங்கிருந்தோ வந்த அந்நியக் கிருமியின் வேலை என்றும் நம் கடற்கரை ஊர்களில் சொல்லக் கேட்கிறோம். தருவைகுளம் தொடங்கித் தூத்துக்குடி வரை, வலை சீர்செய்யும் இடத்திலும், சில வேளைகளில் மறையுரை மேடையிலுங்கூட இப்பேச்சு எழுகிறது. படியாதவர் சொன்னால் பொறுக்கலாம்; கற்றோர் வாயிலிருந்து வருவதே நம்மை உறுத்துகிறது.

எச்.ஐ.வி., ரெட்ரோவைரஸ் இனத்தைச் சேர்ந்தது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் உயிரணுவின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடுவது இதன் இயல்பு. அவ்வாறு திருப்பி எழுதும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். இவ்வித்தை வைரசுக்கு மட்டுமே உரியதா? அன்று. மரபணுத் தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு எனச் சோளப் பயிரை ஆராய்ந்து 1940களிலேயே சொன்னவர் பார்பரா மெக்ளின்டாக். உலகம் அவருக்கு நோபல் பரிசளிக்க 1983 வரை காத்திருந்தது! அவர் கண்டவை வேறு வகை. ஆனால் ஈஸ்ட்டில் உள்ள சில துண்டுகள், ரெட்ரோவைரசைப் போலவே ஆர்.என்.ஏ. வழியாகப் படியெடுத்துத் தாவுகின்றன என்பது 1985இல் மெய்ப்பிக்கப்பட்டது. இவ்விரண்டின் அமைப்பும் பெரிதும் ஒன்றே. முதன்மையான வேறுபாடு உறை. ஓர் உயிரணுவை விட்டு மற்றொன்றினுள் நுழைய உறைப்புரதம் வேண்டும். தாவும் துண்டு அதற்குரிய மரபணுவைப் பெற்றபோது வைரசாயிற்று என்பதே ஆய்வாளர் பலர் கொள்ளும் முடிபு. வைரஸ் உறையை இழந்து, மீண்டும் தாவும் துண்டாய் உள்ளேயே அடங்குவதும் உண்டு. கடலுக்கும் கரைக்குமாய் வாழ்கிறவர்க்கு இப்போக்குவரவு விளங்காததா?

மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டை ரெட்ரோவைரசுகளின் எச்சமே. அதைவிட வியப்பு ஒன்று: கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடி உருவாகத் துணைநிற்கும் சின்சிட்டின் என்னும் புரதம், பழைய வைரஸ் ஒன்றின் உறைப்புரதம். இது 2000இல் வெளியாயிற்று. நம்மை நம் தாய் சுமந்ததில் அதற்கும் பங்குண்டு. இனி அந்நியம் எது என்று அவர்களே சொல்லட்டும்.

இதனால் எச்.ஐ.வி. தீங்கற்றது என்று நாம் சொல்லவில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். இந்தியாவில் இக்கிருமி இருப்பது அப்போதுதான் புலப்பட்டது. நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். காக்கவில்லை.

காப்பது மருந்து. மேற்சொன்ன நொதியைத் தடுப்பதே அம்மருந்துகள் பலவற்றின் வேலை. 2004 முதல் அரசு அவற்றை இலவசமாகத் தருகிறது. நோயுற்றோரை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும் சாபம் என்னும் சொல்லுக்கு அஞ்சி மாத்திரை வாங்கத் தயங்கும் ஒருவர் இறந்தால், அச்சாவுக்குக் கிருமி மட்டுமா பொறுப்பு? மேடையேறிச் சபிப்போர் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.