நடுவே ஒரு சிறு கோடு



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சிறு கோடு பெரிய வாதத்தை எழுப்பிவிட்டது. நம் சங்கத்திற்கு இணையதளம் அமைக்க எண்ணினோம். விரும்பிய பெயரை எவரோ முன்பே பதிவு செய்துகொண்டு, விட்டுக்கொடுக்க 40,000 ரூபாய் கேட்கிறார். இரு சொற்களுக்கும் நடுவே ஹைஃபன் என்னும் இணைப்புக்கோடு இட்டாலோ, அதே பெயர் சாதாரணப் பதிவுக் கட்டணத்திற்கே கிடைக்கிறது. "கோட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்றார் ஒருவர். "மதிப்பே குறைந்துவிடும்" என்றார் மற்றொருவர். மாணவர் பரிசு நிதியிலிருந்து எடுக்க வேண்டிய பணமாதலால், விசாரித்து அறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்தில் அமையும் தளப்பெயரில் எழுத்து, எண், இக்கோடு ஆகிய மூன்றுக்கே இடமுண்டு. இடைவெளி விட இயலாது. கோடு முதலிலோ இறுதியிலோ வரலாகாது. புள்ளிக்கு முற்பட்ட பகுதி 63 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது.

சொற்களைப் பிரித்துக் காட்டுவது கோட்டின் நன்மை. 'செம்பொன்பதின்பலம்' என்பதை நம் தமிழாசிரியர்கள் உதாரணம் காட்டியது நினைவிருக்கலாம். ஒருவகையாகப் பிரித்தால் பத்துப் பலம் பொன். வேறுவகையாகப் பிரித்தால் ஒன்பது பலம் செம்பு! சேர்த்தெழுதிய தளப்பெயர்களுக்கும் இவ்விபத்து உண்டு. கோட்டிற்காகவே கூகிள் ஒரு தளத்தைப் பின்னே தள்ளுவதுமில்லை. கோகா-கோலா, மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனங்களின் தளங்கள் கோட்டுடனேயே விளங்குகின்றன.

அவ்வாறாயின் விற்பனைச் சந்தையில் கோடுள்ள பெயருக்கு விலை குறைவது ஏன்? கண்ணுக்குத் தெரியும் கோடு வாய்க்கு அகப்படாததே முதற் காரணம். கேட்பவர் அதை விட்டுவிடுவார். அல்லது அடிக்கோடு இட்டுவிடுவார். மேலும், பெயர்பெற்ற தளங்களின் பெயரில் ஒரு கோட்டைச் செருகிப் போலித்தளம் அமைக்கும் வஞ்சகர்களால், பல கோடுள்ள பெயரைக் கண்டாலே மக்கள் ஐயுறுகின்றனர்.

நம் அங்கத்தினரான அம்மையார் ஒருவர் வீட்டிலேயே பொடி வகைகள் செய்து விற்கிறார். கோடுள்ள பெயரில் தளம் அமைத்தார். கைமணத்தால் அவர் பெயர் பரவியது. ஆனால் வாய்வழியே பரவிய பெயரில் கோடு இல்லை. அந்தத் தீபாவளிக்கு வந்திருக்க வேண்டிய ஆர்டர்களில் பல, கோடில்லாத அதே பெயருடைய வேறொரு வணிகருக்குப் போய்விட்டன. அவரும் நேர்மையானவரே, குற்றம் எவருடையதுமன்று. அம்மையாருக்கோ இடித்து வைத்த பொடி மிஞ்சியது.

ரயில் நிலையத்து விசாரணை ஜன்னலில் அமர்ந்து பழகிய எனக்கு ஒன்று தெரியும். ஒருமுறை சொல்லி விளங்காத பெயரை மும்முறை சொன்னாலும் பயனில்லை. நம் சங்கத்தின் பெயரோ தொலைபேசியில் பாட்டி பேரனுக்குச் சொல்ல வேண்டிய பெயர்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: 40,000 ரூபாயும் வேண்டாம், கோடும் வேண்டாம். சங்கப் பெயருடன் நம் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வோம். பெயர் சற்று நீளும். ஆயினும் சொன்னால் விளங்கும். ஏற்கெனவே கோடுள்ள பெயரில் நற்பெயர் ஈட்டியவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. கோடில்லாத பெயர் எளிதில் கிடைக்குமாயின் அதனையும் பதிந்து, இரண்டும் ஒரே தளத்திற்கு வரச் செய்தால் போதும்.

பரிசு நிதி பிள்ளைகளுடையது. அடுத்த கூட்டத்திற்கு முன் அன்பர்கள் தத்தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.