முயல் தரும் கம்பளி

திருப்பூர் வட்டாரத்துப் பங்குக் குடும்பங்களில் பனியன் தொழிலோடு தொடர்பில்லாத வீடு அரிது. ஒருவர் நிட்டிங்கில் இருப்பார். மற்றொருவர் தையலில் இருப்பார். வீட்டிலிருக்கும் தாய்மாரோ பிசிறு வெட்டிக் கொடுப்பர். ஆர்டர் குறையும் மாதங்களில் கையில் காசு குறைவதும் நாம் அறிந்ததே. அத்தகைய வேளையில், "அங்கோரா முயல் வளர்த்தால் என்ன? அதன் ரோமம் நல்ல விலைக்குப் போகுமாமே!" என்ற கேள்வி எழுவது இயல்பு. இதனை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

துருக்கி நாட்டின் தலைநகரான அங்காராவின் பழம்பெயரே அங்கோரா. அப்பெயரைத் தாங்கிய இம்முயலின் ரோமம் மெரினோ ஆட்டின் கம்பளியைவிட மெல்லியது. இழையின் உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் எடை குறைவு, கதகதப்போ மிகுதி. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கத்தரிக்கோலால் ரோமத்தை வெட்டி எடுப்பர். இனமும் பராமரிப்பும் சிறந்திருந்தால், ஒரு முயல் ஆண்டுக்கு அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை தரும். ஓராண்டு முழுதும் பேணிய முயலின் பலன் இரண்டு மூன்று ஸ்வெட்டருக்கே போதும் என்பதை முதலில் மனத்தில் கொள்வோமாக.

அடுத்து, தட்பவெப்பம். முயலுக்கு நம்மைப்போல வியர்ப்பதில்லை. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. அடர்ந்த கம்பளியைப் போர்த்திய அங்கோராவுக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பெருந்துன்பம். நம் ஊர்க் கோடையோ 35 டிகிரியை எளிதில் தாண்டும். எனவேதான் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அங்கோரா முயல்களை இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திலுள்ள கார்சாவில் வளர்க்கிறது. அங்குள்ள கைத்தறியாளர் அந்த ரோமத்தை ஆட்டுக் கம்பளியோடு கலந்து சால்வை நெய்கின்றனர். இதே நிறுவனத்துக்குக் கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு கிளை உண்டு. அக்குளிர்மலையிலும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இறைச்சி இனங்களே முதன்மையாகப் பேணப்படுகின்றன.

சந்தையையும் பார்ப்போம். திருப்பூரின் எந்திரங்கள் பெரும்பாலும் பருத்தி நூலுக்காக அமைந்தவை. கம்பளி ஸ்வெட்டருக்குப் பெயர்பெற்றது லூதியானா. மேலும், 2013ஆம் ஆண்டில் சீன நாட்டுப் பண்ணைகளில் உயிருள்ள முயல்களின் ரோமத்தைப் பிடுங்கும் காட்சிகள் உலகெங்கும் பரவின. வலியால் அலறிய அச்சிற்றுயிர்களைக் கண்டோர் நெஞ்சம் பதறினர். நம் ஊர் ஆடைகளை வாங்கும் எச் அண்டு எம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அங்கோராவைக் கைவிட்டன. சாரா கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ் 2015இல் அதனை அறவே நிறுத்தி, கையிருப்பிலிருந்த ஆடைகளைச் சிரியா நாட்டு அகதிகளுக்கு வழங்கிற்று.

ஆகவே, "முயல் தருகிறோம், கூண்டு தருகிறோம், ரோமத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாரேனும் வந்தால் எச்சரிக்கை தேவை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது, மாதந்தோறும் பணம் வரும் என நம்பி நகையை விற்றும் கடன் பட்டும் முதலிட்டோர் கலங்கி நின்றதை நாம் மறந்துவிடலாகாது. வாங்குபவர் ஒருவரே, அவரும் விற்றவரே என்றால், அவர் போன பின்பு பண்ணையில் எஞ்சுவது தீனிச் செலவு மட்டுமே. சுயஉதவிக் குழுவின் சேமிப்பை அதில் இடுமுன், கால்நடை மருத்துவரையும் அனுபவமுள்ள வளர்ப்பாளரையும் நேரில் கண்டு கேட்பதே விவேகம்.

மலைப்பகுதிகளில் உறவினர் இருந்து, அவர்கள் இத்தொழிலில் இறங்க விரும்பினால் சிறு அளவில் தொடங்கட்டும். நல்ல காற்றோட்டமான கூண்டு, பசுந்தீவனம், தூய நீர் ஆகியவை வேண்டும். ரோமம் சிக்குப் பிடிக்காமல் அடிக்கடி சீவிவிட வேண்டும். நக்கி விழுங்கிய ரோமம் வயிற்றில் திரண்டு அடைத்தால் முயல் மடிந்துவிடும். வெட்டும்போது தோல் காயப்படலாகாது. வெட்டிய பின் குளிர்காற்றுப் படாமல் காக்க வேண்டும். நீதிமான் தன் வளர்ப்புயிரின் நலத்தையும் பேணுவான் என நீதிமொழிகள் ஆகமம் கற்பிக்கிறதன்றோ?

பெண் முயல் குட்டி ஈனுமுன் தன் மார்பு ரோமத்தைத் தானே பறித்துக் கூட்டில் மெத்தையிடும். பிறக்கும் குட்டிகளுக்கு உடலில் மயிர் இராது. தாயின் ரோமமே அவற்றுக்குப் போர்வை. தன் குஞ்சுகளுக்காகத் தாய் மனமுவந்து தரும் அதனை, மனிதன் பேராசையால் பிடுங்குவது எத்துணைக் கொடுமை! உழைப்பால் வரும் வருவாய் சிறிதாயினும், எவ்வுயிரையும் வருத்தாமலும், குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தாமலும் வருமேயானால் அதுவே இறைவனின் ஆசீர் பெற்ற வருவாய். நம் இல்லங்களில் அத்தகைய உழைப்பு தழைக்க இறைவனை மன்றாடுவோம்.