பி.எட். வகுப்பில் ஆறு புள்ளிகள்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஆசிரியப் பயிற்சி பெறும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் பெரியோர்க்கும் அமெரிக்காவிலிருந்து வணக்கம்.

ஆஸ்க்வித் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய ஊர் நம்முடையது. இருந்தும், பிரெய்ல் சிறப்பாசிரியரின் வேலை, நமக்கெதற்கு என்று நினைக்கும் வருங்கால ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்வையற்ற குழந்தை உங்கள் வகுப்பிலேயே உட்காரலாம். சிறப்பாசிரியரோ பல பள்ளிகளைச் சுற்றி வருபவர். அவர் வராத நாளில் அந்தக் குழந்தை எழுதிய விடையை யார் படிப்பது? படிக்க ஆளில்லாத எழுத்தை எந்தக் குழந்தை ஆசையோடு எழுதும்?

இந்தத் தயக்கத்தில் பாதி அச்சம்தான் என்பது என் எண்ணம். விரலால் தடவிப் படிக்கும் திறன் உங்களுக்கு வேண்டியதில்லை. கண்ணால் படித்தால் போதும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் தமிழின் 247 எழுத்துக்கும் 247 வடிவங்கள் கிடையாது. 12 உயிர், 18 மெய், ஆய்தம், மெய்யின் மேல் வரும் புள்ளிக்கு ஒரு குறி, அவ்வளவே. அச்சில் கொம்பும் காலும் சூழ நிற்கும் ‘கொ’, அங்கே ககரமும் ஒகரமுமாக அடுத்தடுத்து வந்துவிடும். ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும்.

கைப்பேசியே படித்துக் காட்டும்போது புள்ளிகள் எதற்கு என்ற கேள்வி வலுவானது. ஆனால் காது மட்டும் எழுத்தறிவு தராது. ‘அரம்’, ‘அறம்’ இரண்டையும் நம் பேச்சில் பிரித்தறிய முடிகிறதா? ன, ண, ந மயக்கமும் அப்படியே. கணக்கில் அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்பதைக் கேட்டு நினைவில் வைப்பது பெரும்பாடு. கணினியோடு இணையும் பிரெய்ல் திரையும் இதே புள்ளிகளைத்தான் எழுப்புகிறது.

இங்கே அமெரிக்காவில், மதிப்பீட்டில் தேவையில்லை என்று தெரிந்தாலொழியப் பார்வைக் குறையுள்ள குழந்தைக்குப் பிரெய்ல் கற்பிக்க வேண்டும் என்று 1997இல் சட்டம் திருத்தப்பட்டது. பிரெய்லிலேயே படிக்கக் கற்றவர்களிடம் வேலைவாய்ப்பும் வாசிப்பும் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர் ரூபி ரைல்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே ஆய்வை வைத்து எல்லாம் பிரெய்லால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதைப் புறந்தள்ளவும் காரணமில்லை.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பீர்கள். உண்மைதான். நான் கேட்பது தனித்தாள் அல்ல. தமிழ்ப் பிரெய்லைக் கண்ணால் படிக்குமளவு பயிற்சி, அதுவும் செய்முறை நேரத்துக்குள். அதைக் கற்றுத்தர பார்வையற்ற பட்டதாரிகளையே ஊதியம் கொடுத்து அழையுங்கள்.