கடற்கரையில் மாதுளை பழுக்குமா?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் மாதுளை நன்றாக வளரும், செக்கச்செவேலென்று பூக்கும். பழம்தான் கைக்கு வருவதில்லை!

ஏன்? மாதுளை வறண்ட நாட்டுச் செடி. நாட்டில் அதிகம் விளைவது மகாராஷ்டிரத்தில். மத்திய அரசு 2005-ல் மாதுளை ஆராய்ச்சி நிலையம் அமைத்ததும் அங்குள்ள சோலாப்பூரில்தான். அங்கேயே மழைக்காலத்தில் கருகல் நோய் விவசாயிகளை வாட்டுகிறது. கடலின் ஈரக்காற்றும் ஐப்பசி மழையும் சேரும் நம் ஊரில் கேட்க வேண்டுமா? காயில் கரும்புள்ளி விழும், தோல் வெடிக்கும்.

கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நட்டுவிடாதீர்கள். கொல்லையில் ஒன்றிரண்டு போதும். மார்கழியில் கிளைகளைக் கழித்து, சில வாரம் தண்ணீரைக் குறையுங்கள். பிறகு எருவிட்டுப் பாய்ச்சினால் தை, மாசியில் பூக்கும். ஐந்தாறு மாதத்தில் பழம்! பெருமழைக்கு முன்பே பறித்துவிடலாம். காய் பிடித்தபின் தண்ணீர் சீராக இருக்கட்டும். காயவிட்டுத் திடீரென்று கொட்டினால் காய் பிளந்துவிடும்.